டிக்கி திறக்கவில்லையா? இழுக்காதீர்கள், அமுக்குங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2012 மாடல் செடான் கார். போன ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிக்குப் போய் ஐந்து பலாப்பழம் வாங்கி டிக்கியில் அடுக்கியிருக்கிறார். கடைசிப் பழம் கொஞ்சம் பெரிசு. மூடி உட்காரவில்லை என்று இரண்டு பேர் சேர்ந்து ஓங்கி அறைந்து மூடியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லிவரை இழுத்தால் திறக்கவில்லை. பின்னால் சாவி போட்டுப் பார்த்தார், சாவியும் சுற்றவில்லை. அந்தத் துவாரத்தில் சாவி போட்டே நாலைந்து வருடம் ஆகிறதாம். மூன்று நாளாகக் கார் வெயிலில் நிற்கிறது. பழம் பழுத்து வாசனை சீட் வரைக்கும் வந்துவிட்டது. தெருவில் ஒருவர் கடப்பாரை கொண்டுவந்து நெம்பிவிடலாம் என்கிறாராம். என்ன செய்வது என்று கேட்கிறார்.

சார், முதலில் அந்தக் கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் 26 வருடமாகக் கார் எலக்ட்ரிக்கல் வேலையும் லாக் வேலையும் பார்க்கிறேன். பூட்டிக்கொண்ட டிக்கியால் வந்த நஷ்டத்தைவிட, அதை நெம்பியதால் வந்த நஷ்டத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மூடியின் ஓரத் தகடு ஒரு தடவை மடங்கிவிட்டால் டிங்கர் எவ்வளவு நன்றாகத் தட்டினாலும் பழைய இடைவெளி அப்படியே வருவது கஷ்டம். ரப்பர் பீடிங்கும் கிழிந்திருக்கும். ஐப்பசியில் மழை பிடித்ததும் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் தேங்கும். மேலே தரைவிரிப்பு காய்ந்திருப்பதால் யாருக்கும் தெரியாது. அடியில் தகடு அரித்து ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியவரும்.

விஷயத்துக்குப் போவதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். உங்கள் டிக்கியில் பலாப்பழம்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாராவது உள்ளே ஒரு குழந்தை மாட்டிக்கொண்ட நிலையில் இருந்தால், கீழே நான் சொல்லும் எந்த நிதானமான வழியும் அவர்களுக்கு இல்லை. குழந்தைக்குத் தூரமாக இருக்கும் பக்கக் கண்ணாடியை அதன் மூலையில், கூரான கெட்டியான ஏதாவது ஒன்றால் அடித்து உடையுங்கள். கதவைத் திறந்து பின்சீட்டைச் சாய்த்துக் குழந்தையை எடுங்கள், கூடவே இன்னொருவர் 112-க்குப் போன் போடட்டும். நம் ஊர் வெயிலில் மூடிய கார் கொஞ்ச நேரத்திலேயே அடுப்பாகிவிடும். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் முதல் விற்பனைக்குத் தயாராகும் ஒவ்வொரு டிக்கி வைத்த காரிலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் இருட்டில் பார்த்து இழுத்துத் திறக்க ஒரு பிடி இருக்க வேண்டும் என்று சட்டம். இங்கே ஓடும் பெரும்பாலான கார்களில் அது கிடையாது. அதனால் கார் சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

சரி, இப்போது பூட்டுக்கு வருவோம்.

டிக்கி மூடியின் கீழ் ஓரத்தில், உள்பக்கமாக, உள்ளங்கை அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குள் நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் பிளந்த ஒரு தகடு. அதற்கு நேர் கீழே காரின் பாடியில், கவிழ்த்து வைத்த 'ப' எழுத்து மாதிரி வளைத்த ஒரு கம்பி. வீட்டுக் கதவுக்கு நாதாங்கி எப்படியோ அப்படி. கடையில் இதை ஸ்ட்ரைக்கர் என்று கேட்டால் தருவார்கள். சில கார்களில் இரண்டும் இடம் மாறி இருக்கும், வேலை ஒன்றுதான். மூடி இறங்கும்போது கம்பி கொடுக்கின் வாய்க்குள் புகுந்து அதைச் சுழற்றுகிறது. சுழன்ற கொடுக்கு திரும்பி வராமல் பக்கத்தில் ஒரு சின்ன நாக்கு ஸ்பிரிங் வேகத்தில் வந்து பள்ளத்தில் விழுகிறது. 'டக்' என்று கேட்பது அந்த நாக்கு விழும் சத்தம்தான். டிக்கியைத் திறப்பது என்றால் அந்த நாக்கைப் பள்ளத்திலிருந்து விலக்குவது, அவ்வளவே. லிவர் கேபிள் வழியாக இழுக்கிறது, சாவி ஒரு கம்பி வழியாக இழுக்கிறது, ரிமோட் ஒரு குட்டி மோட்டார் வழியாக இழுக்கிறது. மூன்று வழியும் போய்ச் சேரும் இடம் அந்த ஒரு நாக்கு.

உங்கள் கேஸில் என்ன நடந்திருக்கிறது என்று இப்போது பாருங்கள். பெரிய பலாப்பழம் கீழிருந்து மூடியை முட்டிக்கொண்டு இருக்கிறது. மூடி மேலே வரப் பார்க்கிறது, கொடுக்கு திறக்கும் பக்கமாகச் சுழலப் பார்க்கிறது, அந்த முழுப் பளுவும் நாக்கின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பளு ஏறிய நாக்கை நகர்த்த லிவரின் மெல்லிய கேபிளுக்குச் சக்தி போதாது. இந்த நேரத்தில் மூடியைப் பிடித்து மேலே இழுத்தால், அது பலாப்பழத்துக்கு உதவி செய்வதுபோல. நாக்கு இன்னும் இறுகும்.

மழையில் ஊறி உப்பிப்போன மரக்கதவில் தாழ்ப்பாள் வரவில்லை என்றால் வீட்டில் என்ன செய்வோம்? கதவை ஒரு கையால் உள்பக்கம் அழுத்திக்கொண்டு தாழ்ப்பாளை இழுப்போம். யாரும் சொல்லித் தராமலே நம் அம்மாக்கள் செய்கிற வேலை அது. டிக்கிக்கும் அதையே செய்யுங்கள்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து லிவரை முழுக்க இழுத்து, இழுத்தபடியே பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர் பின்னால் நின்று, பூட்டு இருக்கும் இடத்துக்கு நேர் மேலே, மூடியின் விளிம்பை ஒட்டி இரண்டு உள்ளங்கையையும் வைத்து உடம்பின் கனத்தைப் போட்டு அமுக்கி விட வேண்டும். மூடியின் நடுவில் அமுக்கக் கூடாது, அங்கே தகடு மெல்லிசு, குழி விழும். விளிம்பில் உள்ளே இரட்டைத் தகடு இருப்பதால் தாங்கும். அமுக்கிய நொடியில் பளு நாக்கைவிட்டு இறங்கும், லிவரின் இழுப்பில் நாக்கு விலகும், கையை எடுத்ததும் மூடி தானாகவே மேலே வரும். முதல் தடவை வராவிட்டால் பத்துத் தடவை செய்யுங்கள். வேகமாக, துள்ளல் துள்ளலாக அமுக்கிப் பாருங்கள். முக்கியமாக, பின்னால் இருப்பவர் 'விடுங்க' என்று சொல்லும்வரை லிவரை விடக் கூடாது. தனியாக இருப்பவர்கள் லிவரை ஒரு தடவை இழுத்து விட்டுவிட்டு ஓடிவந்து மூடியைத் தூக்குகிறார்கள். அதற்குள் நாக்கு மறுபடி பள்ளத்தில் விழுந்திருக்கும். வீட்டில் யாரும் இல்லையென்றால் லிவரை இழுத்து ஒரு கயிறு போட்டு சீட் கம்பியில் கட்டிவிட்டுப் பின்னால் போகலாம்.

அதற்கு முன் பழத்தை மூடியிலிருந்து கொஞ்சம் நகர்த்த முடிந்தால் இன்னும் நல்லது. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் சரிவு குறைவு, ஆனால் ஏதாவது வீட்டு வாசல் சாய்தளமோ மேம்பாலத்தின் இறக்கமோ இருக்கும். காரின் மூக்கு கீழே பார்க்கும்படி நிறுத்துங்கள். அல்லது ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை பிரேக்கை அழுத்துங்கள். பலாப்பழம் முன்பக்கம் உருண்டு பின்சீட்டின் முதுகில் போய்ச் சாயும். போன வருடம் இதே மாதிரி நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு கரும்புக் கட்டு, அதற்கு முன்பு ஒரு கல்யாண வீட்டு அண்டா. இரண்டுமே பிரேக் போட்டு நகர்ந்த பிறகு ஒரே அமுக்கில் திறந்தன.

இதிலேயே திறந்துவிட்டால் கீழே கடைசியில் சொல்லியிருப்பதைப் படிக்காமல் மூடியைத் திரும்ப மூடிவிடாதீர்கள். திறக்கவில்லை என்றால் லிவருக்கு வாருங்கள். லிவரை இழுக்கும்போது கைக்கு என்ன தெரிகிறது, பின்னால் காதுக்கு என்ன கேட்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பழுது எங்கே என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

லிவர் கனமே இல்லாமல் தொளதொளவென்று வந்தால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு முனையில் கழன்றிருக்கிறது. நிறையப் பேர் 'கேபிள் போச்சு' என்று நினைத்துப் பயப்படுவார்கள். ஆனால் அறுந்ததைவிடக் கழன்றதுதான் அதிகம். லிவரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பாருங்கள். சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி, உள்ளே ஓடும் மெல்லிய கம்பியும் அதன் மேல் கறுப்பு உறையும் தெரியும். கம்பி முனையில் ஈயக் குண்டு மாதிரி ஒன்று லிவரின் காடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். உறையின் முனை ஒரு கிளிப்பில் மாட்டியிருக்க வேண்டும். அந்தக் கிளிப் பிளாஸ்டிக். வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்து உடைந்துவிடும். உடைந்தால் லிவரை இழுக்கும்போது உள்கம்பியோடு உறையும் சேர்ந்து நகரும், பின்னால் ஒன்றும் போய்ச் சேராது. அப்போது உறையை இடது கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, உள்கம்பியைக் கட்டிங் பிளேயரால் கவ்வி நேராக இழுங்கள். கூடவே பின்னால் ஒருவர் அமுக்க வேண்டும். கம்பியைப் பிளேயர் பல்லால் ஒரே இடத்தில் நசுக்காதீர்கள், ஒரு நூல் இழை அறுந்தால் மற்றதும் பின்னாலேயே வரும்.

லிவர் அசையவே இல்லை, கல் மாதிரி இருக்கிறது என்றால் கேபிள் உறைக்குள் துரு பிடித்திருக்கிறது அல்லது நாக்கே இறுகியிருக்கிறது. பலத்தைக் காட்டினால் லிவர் கையோடு வரும். கேபிள் முனையில் எண்ணெய் விட்டு, உள்கம்பியில் இறங்க நேரம் கொடுத்து, சின்னச் சின்னதாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு ராத்திரி ஊற விட்டால் காலையில் அசைவு தெரியும்.

மூன்றாவது வகை: லிவர் சரியான கனத்தோடு வருகிறது, பின்னால் 'டக்' சத்தமும் கேட்கிறது, ஆனால் மூடி எழவில்லை. பூட்டு திறந்துவிட்டது, மூடியைப் பிடித்துக்கொண்டிருப்பது பீடிங். வெயிலில் ரப்பர் இளகி பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும், புதிதாக பெயிண்ட் அடித்த காரில் இது சகஜம். மூடியைத் தூக்கும் ஸ்பிரிங் கம்பியும் தளர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். லிவரைப் பிடித்தபடி இருக்க, மற்றவர் மூலையிலிருந்து ஒரு பழைய ஏ.டி.எம். கார்டை விட்டு மூடியைச் சுற்றி மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தால் ஒட்டு விடும்.

இப்போது சாவித் துவாரம். நாலைந்து வருடம் சாவி போடவில்லை என்று சொன்னீர்களே, அதுதான் எனக்கு உண்மையான வருத்தம். முத்தியால்பேட்டையிலிருந்து கடல் எட்டிப் பார்க்கும் தூரம். இங்கே தேவனாம்பட்டினத்திலும் கடலூர் முதுநகரிலும் அதே கதை. அலை உடையும்போது தெறிக்கும் உப்பு நீரின் பொடித் துளிகளைக் காற்று தூக்கிக்கொண்டு வந்து எல்லாவற்றின் மேலும் படிய வைக்கிறது. உப்பு காற்றின் ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் மழை இல்லாத நாளிலும் இரும்பு நனைந்தபடி இருக்கும். கடற்கரைத் தெரு கார் ஒன்றின் டிக்கி லாக்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் துரு எந்தெந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தது என்று தெரியும். துத்தநாகப் பூச்சு இருக்கும் இடத்தில் முதலில் திருநீறு மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கும். பூச்சு கரைந்த இடத்தில் செம்மண் நிறம். அந்தச் செம்மண் நிறத் துரு சேர்ந்து கெட்டியான இடத்தில், நாக்கு சுழலும் ஆணியைச் சுற்றி ஊசி முனைகூட நுழையாத அளவுக்கு அடைத்துப் போயிருக்கும். வெள்ளையாக இருக்கும்போதே பிடித்தால் பத்து நிமிட வேலை.

இதோடு மீன் வாங்கப் போகிறவர்கள் ஒரு பழக்கத்தையும் மாற்றிக்கொண்டால் நல்லது. கடலூர் துறைமுகத்தில் விடிகாலை போய் மீன் வாங்கி, ஐஸோடு சாக்கில் கட்டி நேராக டிக்கியில் வைக்கிறார்கள். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் கீழே இறங்குகிறது. பூட்டின் பெட்டி பாடியில் இருக்கும் கார்களில் அந்தத் தண்ணீரும் ஈரமும் நேராக அதற்குள்ளேயே போகும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

சுற்றாத சாவியை பிளேயர் வைத்துத் திருகக் கூடாது. பாதி சாவி உள்ளே முறிந்து நின்றுவிட்டால், திறக்கும் வழிகளில் ஒன்று அடைபட்டுவிடும். துவாரத்தின் சின்ன மூடியைத் திருப்புளியால் தள்ளிப் பிடித்து டபிள்யூ.டி-40 ஸ்பிரே அடியுங்கள். சாவியை உள்ளே விட்டு எடுத்து, விட்டு எடுத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சாவி நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் மூடி வரவில்லை என்றால் துவாரத்திலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பியின் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து கம்பி தொங்குகிறது என்று அர்த்தம். அதை உள்ளே போய்த்தான் மாட்ட முடியும்.

டபிள்யூ.டி-40 பற்றி ஒரு வார்த்தை. 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டுவதற்காகத் தயாரித்தது அது. 40 என்பது வெற்றிபெற்ற நாற்பதாவது கலவை. இறுகிய துருவை இளக்க அருமையான சாமான். ஆனால் அதையே நிரந்தர எண்ணெயாக நம்பக் கூடாது, சில வாரத்தில் உலர்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசி சேர்ந்து பிசினாகி நாக்கை ஒட்ட வைத்துவிடும். மண்ணெண்ணெய், டீசல் ஊற்றினால் அது வழிந்து பீடிங்கை உப்ப வைக்கும். அவசரத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் தையல் மெஷின் எண்ணெய் நல்லது. சாவித் துவாரத்துக்கு மட்டும், திறந்த பிறகு பென்சில் முனையைச் சுரண்டிய பொடியைப் போடுங்கள். அது கிராஃபைட், ஈரம் இழுக்காது, தூசி ஒட்டாது.

உங்கள் காரில் டிக்கிக்கு ரிமோட் இல்லை போலிருக்கிறது. இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் பட்டனை அமுக்க, மற்றவர் மூடியில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே மோட்டார் 'விர்ர்' என்றோ 'டக்' என்றோ சத்தம் போட்டால் கரண்ட் வருகிறது, குறை பூட்டில். மேலே சொன்ன அமுக்கும் வழியே இதற்கும் மருந்து. சத்தமே இல்லை என்றால் எல்லாக் கதவும் அன்லாக் ஆகிறதா என்று முதலில் பாருங்கள், கதவுகள் பூட்டியிருந்தால் டிக்கி பட்டன் வேலை செய்யாத கார்கள் நிறைய. கதவும் அன்லாக் ஆகவில்லை என்றால் ரிமோட்டின் 3 வோல்ட் பேட்டரி. அதுவும் சரி என்றால் பியூஸ். எத்தனை ஆம்பியரோ அதையே மாற்றுங்கள், சிகரெட் அட்டைப் பேப்பரைச் சுருட்டி வைக்கும் வேலை வேண்டாம், ஒயர் எரிந்து காரே போன கதை உண்டு. கார் பேட்டரி நன்றாக இருந்தால் இன்ஜின் நிற்கும்போது 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். 12-க்குக் கீழே ரொம்ப இறங்கிவிட்டால் டிக்கி மோட்டார் முனகும், திறக்காமல் போகலாம்.

கதவெல்லாம் சரி, டிக்கி மட்டும் ஊமை என்றால் நான் நேராகப் போய்ப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. மூடியின் கீலுக்குப் பக்கத்தில், பாடியிலிருந்து மூடிக்குள் போகும் ஒயர்களை மூடி ஒரு ரப்பர் குழாய் இருக்கும். ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அந்த ஒயர்கள் அதே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. பத்து வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை! மேல் பிளாஸ்டிக் அப்படியே இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். ரப்பரைத் தள்ளிப் பார்த்தால் அறுந்த முனை பச்சைப் பாசி பிடித்தாற்போல் இருக்கும். மூடியில் இருக்கும் விளக்கு எரியவில்லை, ரிவர்ஸ் கேமரா விட்டுவிட்டு வருகிறது என்றால் இதே இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒட்டுப் போடும்போது டேப்பைச் சுற்றி விடாமல் புது ஒயர் துண்டு வைத்து சால்டர் செய்து, ஒட்டு மடங்கும் இடத்துக்கு வெளியே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது தெருவில் தண்ணீரில் நின்ற கார்கள் பல மாதம் கழித்து இந்தப் பச்சையோடு என்னிடம் வந்தன. வெள்ளம் வடிந்த அன்று ஒழுங்காக ஓடிய கார்தான், உள்ளே மெதுவாக அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பேட்டரியே டிக்கிக்குள் இருக்கும் கார்களும் உண்டு. பல பி.எம்.டபிள்யூ. மாடல்களில் அப்படித்தான். பேட்டரி செத்தால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. அதற்காகவே பானட்டுக்கு அடியில் ஜம்ப் கொடுக்கும் முனைகள் வைத்திருக்கிறார்கள். அங்கே கேபிள் மாட்டி உயிர் கொடுத்தால் டிக்கி திறக்கும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் பின்சீட் வழியாக உள்ளே போக வேண்டியதுதான். சீட்டின் முதுகு சாயும் கார் என்றால் வேலை சுலபம். சாய்க்கும் பிடி டிக்கிக்குள் இருக்கும் கார்களிலும் சிலவற்றில், நடுவில் கைவைக்கும் கட்டையை இறக்கினால் பின்னால் ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்தால் கை நுழையும். முதுகு சாயாத பழைய செடான்களில் உட்காரும் மெத்தையை முன் விளிம்பில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே வெடுக்கென்று தூக்கினால் பெரும்பாலும் கிளிப்பிலிருந்து கழன்றுவிடும். கீழே முதுகைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெரியும், 10 அல்லது 12 நம்பர் ஸ்பேனர். அவற்றைக் கழற்றி முதுகை மேல்நோக்கித் தூக்கி எடுங்கள். பின்னால் இரும்புத் தடுப்பு இருந்தாலும் அதில் கை விடும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். சீட் பெல்ட் கொக்கி, ஏர்பேக் ஒயர் எதிலும் கை வைக்காதீர்கள். மஞ்சள் நிற உறை போட்ட ஒயரைப் பார்த்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அது ஏர்பேக்குக்குப் போவது.

உங்களுக்கு இதில் ஒரு தொல்லை. பலாப்பழம் வழியில் இருக்கும். பழுத்ததைக் கையாலேயே பிளந்து சுளை சுளையாக வெளியே எடுக்க வேண்டியிருந்தாலும் எடுங்கள், பால் ஒட்டாமல் இருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வழி கிடைத்ததும் டார்ச் அடித்து மூடியின் கீழ் ஓரத்தில் இருக்கும் பூட்டைப் பாருங்கள். கேபிள் வந்து மாட்டும் சின்னக் கை ஒன்று பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். நீளத் திருப்புளியாலோ கொக்கி வளைத்த கெட்டிக் கம்பியாலோ அதைக் கேபிள் இழுக்கும் திசையில் தள்ளுங்கள். வெளியே நிற்பவர் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும், இங்கேயும் அதே விதிதான்.

ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்களுக்குச் சீட்டைக் கழற்றும் வேலையே இல்லை. பின்சீட்டைச் சாய்த்து உள்ளே ஊர்ந்து போனால், பின்கதவின் உள் பிளாஸ்டிக்கில் கீழே நடுவில் ஒரு சின்ன மூடியோ துளையோ பல மாடல்களில் இருக்கும். அதை எடுத்துவிட்டுத் திருப்புளியை விட்டு உள்ளே தெரியும் கையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கதவு திறக்கும்.

டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் வைத்த கார் என்றால் டிரில், கட்டர் எதையும் மூடிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அந்த இடத்தில் நீங்களே முயற்சி செய்வதை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். யாரைக் கூப்பிடுவது என்பதிலும் ஒரு யோசனை சொல்கிறேன். சாவி முறிந்தால் சாவி செய்பவர், கரண்ட் என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியன். கேபிள் அறுந்து பின்சீட் வழியாகப் போக வேண்டும் என்றால் சீட் குஷன் வேலை செய்பவர்தான் சரியான ஆள். எந்த மாடலில் எந்தக் கிளிப் எங்கே என்று அவர் கைக்குத் தெரியும், துணியும் கிழியாது. யார் வந்தாலும் ஆர்.சி.யைக் கையில் வைத்திருங்கள். பூட்டைத் திறக்கச் சொல்பவரிடம் கார் யாருடையது என்று கேட்பது நல்ல தொழிலாளியின் பழக்கம்.

திறந்ததும் செய்ய வேண்டியது இது. மூடி மேலே இருக்கும்போதே ஒரு திருப்புளியை நாதாங்கிக்குப் பதிலாகக் கொடுக்கின் வாயில் வைத்துத் தள்ளி, பூட்ட விடுங்கள். 'டக்' கேட்கும். இப்போது லிவரை இழுத்தால் கொடுக்கு துள்ளித் திறக்க வேண்டும். சாவியாலும் ஒரு தடவை, ரிமோட் இருந்தால் அதாலும் ஒரு தடவை. மூன்றும் ஐந்தைந்து முறை தடங்கலில்லாமல் நடக்கும்வரை மூடியை மூடாதீர்கள். திறந்த சந்தோஷத்தில் படாரென்று மூடிவிட்டு அன்று சாயங்காலமே திரும்ப வந்தவர்கள் உண்டு.

பூட்டை டபிள்யூ.டி-40-ஆல் கழுவி, பழைய பல்தேய்க்கும் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிட்டு, கொடுக்கின் ஆணியிலும் நாக்கின் நுனியிலும் வெள்ளை லித்தியம் கிரீஸ் பட்டாணி அளவு வையுங்கள். நாதாங்கியிலும் லேசாகத் தடவுங்கள். ஓங்கி அறைந்து மூடியதால் நாதாங்கி கீழே இறங்கியோ சாய்ந்தோ இருக்கலாம். அதன் இப்போதைய இடத்தைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, 10 நம்பர் போல்ட்டைச் சற்றே தளர்த்தி ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று நகர்த்திப் பாருங்கள். மூடி சும்மா இறக்கிவிட்டாலே தன் கனத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும், பூட்டிய பிறகு ஆடக் கூடாது. இரண்டு ஓரத்திலும் இருக்கும் ரப்பர் குமிழ்களைத் திருகினால் உயரம் கூடும், குறையும். ஆட்டம் இருந்தால் அதிலும் கொஞ்சம் சரிசெய்யலாம். பலாப்பாலும் சாறும் தரைவிரிப்பில் இறங்கியிருந்தால் அதைத் தூக்கி வெயிலில் போட்டு, ஸ்டெப்னி பள்ளத்தை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பானைக் கழற்றினால் தண்ணீர் வடிந்துவிடும், திரும்ப மாட்ட மறக்காதீர்கள்.

மாதம் ஒரு தடவை சாவியைப் பின்னால் போட்டுத் திறந்து மூடுங்கள், மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தடவை கிரீஸ் மாற்றுங்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் வெயில் இறங்கியதும் யாரையாவது கூட வைத்துக்கொண்டு அமுக்கிப் பாருங்கள். அப்படியும் திறக்கவில்லை என்றால் லிவர் தொளதொளவென்று வருகிறதா, கல் மாதிரி இருக்கிறதா, பின்னால் சத்தம் கேட்கிறதா, இந்த மூன்றையும் எழுதுங்கள். அடுத்து எந்தப் பக்கத்தைக் கழற்ற வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.